முந்தின நாளே எழுதிய கூட்டம்

அத்தியாயம் பதினேழு

இந்த ஊர் நகர மன்றத்தில் கூட்டம் நடந்த பிறகு அதைப் பற்றி எழுதுவதில்லை. எழுதிய பிறகுதான் கூட்டம் நடக்கும்.

அக்கா அங்கே கிளார்க். பதினெட்டு வருடமாகத் தீர்மானப் புத்தகம் அவள் பொறுப்பு. கூட்டத்துக்கு முந்தின நாளே உட்கார்ந்து, முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், ‘நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்பது வரைக்கும் எழுதி முடித்துவிடுவாள். மறுநாள் உறுப்பினர்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள், டீ குடிப்பார்கள், போவார்கள். அவளுக்கு முன்னால் இருந்த கிளார்க்கும் அப்படித்தான் செய்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இதை யாரும் மோசடி என்று நினைத்ததில்லை.

போன வாரம் தம்பியைக் காய்ச்சலோடு விட்டோம். தம்பி ஏழாவது வார்டு உறுப்பினர், ஜெராக்ஸ் கடைக்காரன், நாலு ஓட்டில் ஜெயித்தவன். சனிக்கிழமை ராத்திரி வந்த காய்ச்சலை ஞாயிறு முழுக்க மறைத்தான். திங்கட்கிழமை காலை அவன் மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் தொற்றுப் பரிசோதனைக்குச் சளி கொடுக்க வைத்தாள். அன்றைக்குத்தான் மன்றக் கூட்டம்.

அதற்கு முன் இரண்டு கூட்டத்துக்கு அவன் போகவில்லை. விடுப்புச் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குப் போகாவிட்டால் பதவி போய்விடும். அவனுக்கு அது தெரியும். அதனால் அதற்கு முந்தின புதன்கிழமை, உடம்பு நன்றாக இருந்தபோதே, அக்கா வீட்டுக்கு வந்தான். திங்கட்கிழமை கடையில் ஊரடங்குப் பயணப் பாஸ் எடுக்கிற கும்பல் நெரியும், கடையை விட்டு வர முடியாது என்றான். அக்கா புத்தகத்தைத் திறந்து இடத்தைக் காட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

எல்லோருக்கும் செய்வதுதான் என்று அக்கா தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் எல்லோருக்காகவும் அவள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்ததில்லை.

திங்கட்கிழமை நாலு பேர் வந்தார்கள். மன்றத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். இரண்டு பேர் வெளியூருக்குப் போன இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிரசவமாகிப் பதினோரு நாள். இன்னொருத்தர் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஐந்தாவது ஆள், தம்பியின் கையெழுத்து.

“கோரம் இருக்கா?” என்று தலைவரம்மா கேட்டார்.

“இருக்கு” என்றாள் அக்கா.

நாலு பேரும் புத்தகத்தைப் பார்த்தார்கள். காலி நாற்காலியைப் பார்க்கவில்லை.

தீர்மானம் ஒன்றே ஒன்று. இருபத்திரண்டு தற்காலிகத் தூய்மைப் பணியாளர்களுக்கு இன்னும் ஆறு மாதம் வேலை. அவர்களுடைய காலம் மாதக் கடைசியோடு, அதாவது செவ்வாய்க்கிழமையோடு, முடிகிறது. குப்பை அள்ளுவதும், தெருவுக்கு மருந்து அடிப்பதும், அடைத்து வைத்த வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய் வைப்பதும் அந்த இருபத்திரண்டு பேர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தம்பி மனைவி போன் செய்தாள்.

“அக்கா, ரிசல்ட் வந்துடுச்சு.”

“பாசிட்டிவா?”

“ஆமா. மாடி ரூம்ல தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கேன். காய்ச்சல், இருமல். வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகலை.”

*

ஒன்பதரைக்கு சுகாதார ஆய்வாளர் மன்ற அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வராந்தாவில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவர் எதைப் படிக்கிறார் என்று பார்த்ததும் அக்கா எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். திங்கட்கிழமை மதியமே தீர்மான நகலை அவள் ஒட்டியிருந்தாள்.

“கிளார்க்கம்மா, இது நீங்க ஒட்டினதா?” ஜன்னல் வழியாகக் கேட்டார்.

“ஆமா சார்.”

“வழிமொழிந்தவர் ஏழாவது வார்டு உறுப்பினர். உங்க தம்பிதானே?”

“ஆமா.”

“‘நீண்ட விவாதத்துக்குப் பின்’னு போட்டிருக்கு. எவ்வளவு நீளம்?”

“அது எப்பவும் போடறதுதான் சார்.”

“பதினஞ்சு நிமிஷத்துக்கு மேலயா கீழயா? என் ஃபாரத்துல அப்படித்தான் கேக்கறாங்க.”

அக்கா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

“மேலன்னு போட்டுக்கறேன். ஜன்னல் திறந்திருந்ததா?”

“அந்த ரூம் ஜன்னல் திறக்க வராது சார். பெயின்ட் அடிச்சப்ப ஒட்டிக்கிச்சு.”

“அப்ப மூடின அறை.” எழுதிக்கொண்டார். “டீ குடிச்சீங்களா?”

“குடிச்சோம்.”

“மாஸ்க்கோடவா?”

“மாஸ்க்கோட எப்படி சார் டீ குடிக்கிறது?”

அதையும் எழுதிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத மனிதர். தூங்காதவர்கள் காகிதத்தில் இருப்பதை அப்படியே நம்புவார்கள்.

“தலைவரம்மா, மூணு மெம்பர், நீங்க, டீ கொண்டுவந்தவர். ஆறு பேர். ரெண்டு மணிக்கு வண்டி வரும். பள்ளிக்கூடத்துல பதினாலு நாள் தனிமை. மாத்துத் துணியும் சோப்பும் எடுத்துக்குங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் வரவில்லை சார், நான் பொய்யாக எழுதினேன் என்று ஒரே வரி. சொல்லவில்லை. அவர் போன பிறகு தலைவரம்மாவின் அறைக்குப் போனாள்.

தலைவரம்மா மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். கோபம் வந்தால் மாட்டை அதட்டுகிற குரலிலேயே பேசுவார்.

“பதினாலு நாள் என் மாட்டை யார் கறப்பா? இன்ஸ்பெக்டரா? உன் தம்பி வரவே இல்லையேம்மா!”

“வந்ததா எழுதியிருக்கேன்.”

“எழுதினது நீதானே? அடிச்சுட்டுப் போ.”

“பக்க நம்பர் போட்ட புத்தகம். அடிச்சா நீங்களும் பக்கத்துல கையெழுத்துப் போடணும். அப்படிப் போட்டா நேத்து நாலு பேர்தான்னு ஆகுது. தீர்மானம் செல்லாது. நாளையிலேர்ந்து இருபத்திரண்டு பேரும் வீட்ல உக்கார வேண்டியதுதான்.”

“அடிக்காட்டி?”

“நாம ஆறு பேரும் பள்ளிக்கூடத்துக்கு. நம்ம மெம்பர் மருந்துக்கடைக்காரரும் சேர்த்து. ஊர்ல திறந்திருக்கற மருந்துக்கடை அவருது ஒண்ணுதான்.”

தலைவரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஒண்ணு செய்யலாம்” என்றாள் அக்கா. “அவசரக் கூட்டம். மூணு மணி நேரத்துக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்தாப் போதும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நேத்து நடந்தது கூட்டமே இல்லைன்னு சொல்லிட்டு, புதுசாத் தீர்மானம் போட்டுடலாம்.”

“அஞ்சு பேருக்கு எங்கே போறது? வெளியூர்க்காரங்களைப் போன்ல கூப்பிடேன்.”

“போன்ல கை தூக்கலாம். கையெழுத்துப் போட முடியாதே.”

“பிள்ளை பெத்தவளைக் கூப்பிட முடியாது. அப்ப யாரு மிச்சம்?”

யார் மிச்சம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“ஐயோ, அந்த ஆளா? அதுக்கு நான் பள்ளிக்கூடத்துக்கே போயிடறேன்” என்றார் தலைவரம்மா. பிறகு, “உன்னை என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார்.

“விளக்கம் கேப்பாங்க. சஸ்பெண்ட் பண்ணலாம்.”

“உன் தம்பிக்கு?”

“நேத்து கூட்டம் நடக்கலைன்னு ஆனா, நேத்து வராதது குத்தமில்லை. ஆனா இன்னிக்கு நடக்கப்போறது நெஜமான கூட்டம். இன்னிக்கு அவன் வர முடியாது. விடுப்புக் கடிதம் வந்து மன்றம் ஏத்துக்கிட்டாத் தப்பிப்பான். இல்லாட்டி மூணாவது தடவை.”

“அப்ப முதல்ல அதை வாங்கிட்டு வா. நோட்டீஸை நான் டைப் பண்ணச் சொல்றேன்.”

*

தம்பி இருக்கும் தெருவின் முனையைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். அவன் வீடு முனையிலிருந்து இரண்டாவது. அக்கா தகரத்துக்கு வெளியே நின்று போன் செய்தாள். அவன் மாடி ஜன்னலுக்கு வந்தான். போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள்.

“எதுக்கு இங்கே வந்து நிக்கறே? தள்ளிப் போ.”

“தள்ளித்தான் நிக்கறேன். இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போனார்.”

“தெரியும். எனக்கும் போன் பண்ணார். கூட்டத்துக்குப் போனேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்டா?”

“நீ எழுதியிருக்கியே. நான் வந்தேன், உக்காந்தேன், வழிமொழிஞ்சேன். முடிஞ்சது.”

“ஆறு பேர் பதினாலு நாள் உள்ளே இருக்கணும்டா.”

“இருக்கட்டும். படுத்துத் தூங்கட்டும். அவங்களுக்குப் போறது பதினாலு நாள். எனக்குப் போனா…” இருமினான். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. “மறுபடி தேர்தல் வெப்பாங்க. மறுபடி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீடு வீடாப் போறது?”

“மருந்துக்கடை மூடிட்டா உனக்கே மாத்திரை கிடைக்காது.”

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

“அஞ்சு மணிக்கு அவசரக் கூட்டம் போடறோம். இன்னிக்குத் தேதி போட்டு லீவ் லெட்டர் ஒண்ணு எழுது. போட்டோ எடுத்து அனுப்பு. மன்றத்துல வெக்கறேன். நாலு பேர் உன் பக்கம் இருக்காங்க.”

“எழுத மாட்டேன்.”

“ஏன்?”

“கூட்டமே நடக்காது. அஞ்சாவது ஆளுக்கு அந்த மெத்தைக்கடைக்காரரைத்தானே நம்பியிருக்கே? அவர் வர மாட்டார். நான் லெட்டர் குடுத்தா, நேத்து வரலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நீ ஒண்ணும் பண்ண வேணாம் அக்கா. சும்மா இரு. அது போதும். கூடப் பொறந்தவதானே நீ?”

“கூடப் பொறந்தவன்னுதான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்.”

“அதையே திருப்பித் திருப்பிச் சொல்லு.” ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

கீழே வாசலில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் தையல்காரி, நகர மன்றத்துக்கு மாஸ்க் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். தைத்ததெல்லாம் இப்போது வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, வெளியே அனுப்ப முடியாது. புருஷனுடைய பேச்சில் பாதிதான் அவளுக்குக் கேட்டிருக்கும். பாதியே போதும்.

“அக்கா, நீங்க போங்க. லெட்டரை நான் பாத்துக்கறேன்” என்று சத்தமாகச் சொன்னாள்.

“எழுத மாட்டேங்கறான்.”

“சோறு நான்தானே போடறேன். எழுதுவார்.”

“அஞ்சு மணிக்குள்ள.”

“சரி சரி. போங்க, வெயில்ல நிக்காதீங்க.”

*

மெத்தைக்கடைக்காரருக்கு ஊரில் வேறு பெயர் இருந்தது: வெளிநடப்பு. நாலு வருடத்தில் அவர் வெளிநடப்புச் செய்யாத கூட்டம் கிடையாது. அவருடைய சகோதரி மகனைத்தான் தம்பி நாலு ஓட்டில் தோற்கடித்தான். திங்கட்கிழமை வராமலே இருந்தவரும் அவர்தான்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே தரையில் உட்கார்ந்து ஒரு மெத்தைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். மூக்கு மேலெல்லாம் பஞ்சு.

“வாங்க கிளார்க்கம்மா. நான் எழுந்திரிச்சு வெளியே போயிட்டேனா? எழுதியாச்சா?”

அக்கா ஷட்டருக்கு வெளியே குனிந்தபடி நின்று சொன்னாள்.

“நேத்துக் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வந்தாங்க ஐயா. என் தம்பி வரலை. அவன் கையெழுத்தைப் போன புதன்கிழமையே வாங்கினேன். ஞாயித்துக்கிழமை எழுதி முடிச்சேன். இதுல வேற யாரும் இல்லை, நான்தான்.”

அவர் ஊசியை மெத்தையில் குத்தி வைத்தார். இந்த வாக்கியத்தை அவர் நாலு வருடமாகக் கேட்க ஆசைப்பட்டவர். கேட்டதும் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை போல.

“இதை ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க?”

“அஞ்சு மணிக்கு அவசரக் கூட்டம். அஞ்சாவது ஆள் நீங்கதான்.”

“வராட்டி?”

“இருபத்திரண்டு பேருக்கு நாளைக்கு வேலை இல்லை.”

“அதுல நாலு பேர் என் வார்டு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்க.” சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. “போன வருஷம் ஒரு கூட்டத்துல நான் வெளிநடப்புப் பண்றதாவே இல்லை. தண்ணிக் குழாய் விஷயம். நல்ல தீர்மானம், உக்காந்திருக்கலாம்னு நெனச்சேன். நீங்க பக்கத்துல வந்து என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

அக்காவுக்கு ஞாபகம் இருந்தது.

“‘ஐயா, எழுதியாச்சு, கொஞ்சம் எழுந்திரிங்க’ன்னு சொன்னீங்க. நானும் எழுந்திரிச்சுப் போனேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகலை.” மூக்கிலிருந்த பஞ்சைத் தட்டினார். “வர்றேன். ஆனா நான் பேசறதை நான் பேசும்போதே எழுதணும். ஒரு வார்த்தை விடக் கூடாது.”

“சரி.”

“என்ன பேசுவேன்னு தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

“உங்க வேலை போகலாம்.”

“போகலாம்.”

“உங்க தம்பி லீவ் லெட்டர் குடுத்தா நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். அதையும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிடறேன்.”

“போடுங்க. மத்த நாலு பேர் இருக்காங்க.”

“அப்பச் சரி” என்று மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அக்கா ஆய்வாளருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள்.

“வாயால சொன்னா வண்டியை நிறுத்த முடியாதும்மா. பேஷன்ட்டே வந்தேன்னு சொல்றார். எனக்குப் பேப்பர் வேணும்.”

“மன்றத் தீர்மானமாவே தர்றேன் சார். அஞ்சரைக்குள்ள.”

“சரி, ரெண்டு மணி வண்டியை அஞ்சரைக்குத் தள்ளி வெக்கறேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வண்டியில ஏத்திடுவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

*

கூட்டம் அலுவலக முற்றத்தில், தண்ணீர் லாரியின் நிழலில். ஆறடிக்கு ஒரு நாற்காலி. தலைவரம்மா, மருந்துக்கடைக்காரர், இன்னும் இரண்டு உறுப்பினர்கள். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வெளிநடப்பு சைக்கிளில் வந்து இறங்கினார். அவரவர் சொந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் பணியாளர்களின் மேஸ்திரி, முதுகில் மருந்து டப்பாவோடு, உள்ளே வராமல் நின்றார்.

அக்காவின் மேஜையில் புத்தகம் திறந்திருந்தது. பக்கம் வெறுமையாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் கூட்டம் தொடங்கும்போது வெறும் பக்கத்தை அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் போன், திரை மேலே பார்க்க.

“எழுதிக்குங்க” என்று வெளிநடப்பு ஆரம்பித்தார். “நேற்று நடந்ததாகச் சொல்லப்படும் கூட்டத்தில் நான்கு உறுப்பினர்கள் மட்டுமே இருந்தனர்.”

“மெதுவா ஐயா.”

“ஐந்தாவது கையெழுத்து முன்கூட்டியே பெறப்பட்டது. பெற்றவர் மன்றத்தின் கிளார்க். அவர் அந்த உறுப்பினரின் உடன்பிறந்த சகோதரி. எழுதியாச்சா?”

“‘உடன்பிறந்த’ வரைக்கும்.”

காத்திருந்தார். அவள் எழுதி நிமிர்ந்ததும் தொடர்ந்தார்.

“கூட்டத்துக்கு முன்பே தீர்மானம் எழுதுவது இந்த மன்றத்தில் பல வருடப் பழக்கம். இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.”

“உங்களையும் சேத்துக்கறீங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“அவங்க எழுதி வெச்ச வெளிநடப்பைத்தானே நான் பண்ணிக்கிட்டிருந்தேன். என்னை எப்படி விட முடியும்? எழுதுங்கம்மா.”

எழுதினாள். ஒரே பக்கத்தில் ஆறு இடத்தில் அடித்தல். எழுத்து கோணலாகப் போனது. பேச்சு போகிற வேகத்துக்குக் கை போகவில்லை.

நேற்றைய தீர்மானம் செல்லாது என்பதை ஐந்து பேரும் ஏற்றார்கள். அடுத்து இருபத்திரண்டு பேருக்கு நீட்டிப்பு. மருந்துக்கடைக்காரர் முன்மொழிந்தார். வழிமொழிய வேண்டிய நேரத்தில் வெளிநடப்பு நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார்.

“ஐயா, இப்ப போனீங்கன்னா கோரம் போயிடும்” என்று தலைவரம்மா பதறினார்.

“இடுப்புப் பிடிச்சுக்கிச்சும்மா. உக்காந்துதானே இருக்கேன். இதை எழுதிக்காதீங்க. வழிமொழியறேன்.”

நிறைவேறியது.

“விடுப்பு விண்ணப்பம் ஏதாவது?” என்று தலைவரம்மா அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

போனில் ஒன்றும் வரவில்லை. தம்பி மனைவிக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஐந்து இருபதாகியிருந்தது. கேட்டுக்கு வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆய்வாளர் இறங்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் பாருங்க” என்றார் வெளிநடப்பு. “நான் ஒண்ணும் ஓடிட மாட்டேன்.”

பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை” என்றாள் அக்கா.

வருகைப் பட்டியலில் ஏழாவது வார்டுக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினாள். வெளியூரிலிருந்த இரண்டு பேரும், பிரசவமானவளும் மதியமே போனில் விடுப்புக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் எழுதியது ‘விடுப்பு’. இவனுக்கு மட்டும் இது. தலைவரம்மா அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ‘கூட்டம் மாலை 5.25க்கு முடிந்தது.’

நகலைக் கேட்டுக்கு மேலே கை நீட்டி வாங்கிக்கொண்டார் ஆய்வாளர். நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். அக்காவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னார். தலைவரம்மா மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

“நாளைக்கு வரலாமாம்மா?” மேஸ்திரி கேட்டார்.

“வாங்க. எல்லாரும் வாங்க.”

அவர் மருந்து டப்பாவை முதுகில் சரிசெய்துகொண்டு போனார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. அவருக்கு ஆறு தெரு பாக்கி இருந்தது.

அக்கா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியபோது போன் ஒலித்தது. முதலில் ஒரு போட்டோ: ஜெராக்ஸ் காகிதத்தில் நாலு வரி. தம்பியின் எழுத்துத்தான், ஆனால் வரி கீழே கீழே சரிந்து போயிருந்தது. ‘உடல்நிலை காரணமாக இன்றைய அவசரக் கூட்டத்தில்…’ அடுத்த நொடி அழைப்பு வந்தது.

“அக்கா, வந்துதா?”

“வந்தது.”

“மூணு தடவை எழுதினார். கை நிக்கலை. கூட்டத்துல வெச்சுடுங்க.”

“கூட்டம் முடிஞ்சுடுச்சும்மா. அஞ்சு இருபத்தஞ்சுக்கே.”

“இப்ப மணி என்ன?”

“அஞ்சு முப்பத்தொண்ணு.”

தம்பி மனைவி கொஞ்சம் யோசித்தாள். அவள் குரலில் அழுகை இல்லை. அளவு எடுக்கும்போது பேசுகிற குரல்.

“ஆறு நிமிஷம். பதினெட்டு வருஷமா ஒரு நாள் முன்னாடியே எழுதினீங்க. இன்னிக்கு ஆறு நிமிஷம் பின்னாடி எழுதக் கூடாதா அக்கா?”

புத்தகம் மேஜையில் விரிந்துதான் கிடந்தது. கடைசி வரிக்கும் தலைவரம்மாவின் கையெழுத்துக்கும் நடுவே ஒரு வரி எழுத இடம் இருந்தது. ‘வரவில்லை’ என்பதை ஏழாவது அடித்தலாக அடிக்கலாம், ஆறோடு ஏழு. தலைவரம்மா கேட்க மாட்டார். தம்பி பக்கம் இருந்த மூன்று உறுப்பினர்களும் கேட்க மாட்டார்கள். முற்றத்தில் ஆள் இல்லை.

அக்கா பேனாவை எடுத்தாள். தலைவரம்மாவின் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: ‘ஏழாவது வார்டு உறுப்பினரின் விடுப்புக் கடிதம் மாலை 5.31க்கு, கூட்டம் முடிந்த பிறகு, வந்தது.’ அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

“அக்கா? என்ன பண்றீங்க?”

“எழுதறேன். அஞ்சு முப்பத்தொண்ணுக்கு வந்ததுன்னு.”

போனில், அந்த வீட்டுக்குள் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

“சரி” என்றாள் தம்பி மனைவி. “ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. மூச்சு விட முடியலை அவருக்கு. மூணு மணியிலேர்ந்தே.”

“அதை ஏன்டி முதல்ல சொல்லலை?”

“லெட்டரை முதல்ல சொல்லுன்னார்.”